மூன்றாவது இறக்கம்

மார்ச் 2

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டுத் தொடங்குகிறேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அப்புறம் இன்னும் இரண்டு வருடம் ஓடிவிடும். கடிதத்தில் கத்துவது கஷ்டம். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிப்போகிறது.

விஷயம் இதுதான். என் வாலுப் பெண்ணுக்கு மே மாதம் முதல் வாரத்திலிருந்து பள்ளி விடுமுறை. பத்து வயது முடிந்துவிட்டது அவளுக்கு. எல்லோருமாகச் சேர்ந்து மலைச் சைக்கிள் ஓட்டிப் போய், கூடாரம் போட்டுத் தங்க வேண்டுமாம். மாமா வீட்டு ஆட்களும் வர வேண்டுமாம். மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்று சொன்னேன். “அப்போ மலையை இங்க வரச் சொல்லும்மா” என்றாள். அந்த வாய் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை, உன்னிடமிருந்துதான் போயிருக்க வேண்டும்.

அதனால் இங்கேயே, இந்தச் சமவெளியிலேயே போவதென்று முடிவு செய்திருக்கிறேன். சிரிக்காதே. பதினெட்டு வருடமாகக் கால்வாய்ப் பிரிவில் உயரம் பார்க்கும் லெவல் கருவியை வைத்துக்கொண்டு இந்தத் தரையைப் பார்க்கிறவள் நான். எங்கே ஒரு விரற்கடை உயர்கிறது, எங்கே தாழ்கிறது என்று தண்ணீருக்குத் தெரியும், அதற்கு அடுத்தபடி எனக்குத் தெரியும். கால்வாய்க் கரையில் தொடங்கி, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பழைய குழிகளைச் சுற்றிக்கொண்டு, மதகு வீட்டைத் தாண்டிப் போகிற இருபது கிலோமீட்டர். பிள்ளைகள் கூட வருவதால் மூன்று நாள் எடுத்துக்கொள்ளலாம். ஏற்ற இறக்கம் எல்லாம் உண்டு.

உன் அத்தான் நன்றாக இருக்கிறார். பஸ் ஓட்டுவதில்லை. டிப்போ வாசலில் உள்ள கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வண்டிகள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் குறிக்கிறார். இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்காதே. அன்றைக்குப் பிறகு அவர் சைக்கிளில் ஏறவே இல்லை. இந்தப் பயணத்திலும் சாமான் வண்டியில் வந்து சமைத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் சைக்கிள்களை நீதான் தயார் செய்ய வேண்டும். வேறு ஒருவர் கையில் என் பிள்ளையின் பிரேக்கை ஒப்படைக்க மாட்டேன். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொல்கிறேன்.

அக்கா

*

மார்ச் 11

அக்காவுக்கு,

தபால்காரர் பட்டறைக்குள் வந்து கடிதத்தை நீட்டியபோது என் கையெல்லாம் கிரீஸ். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அவரையே மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அதற்கப்புறமும் ஒரு சக்கரத்துக்குக் கம்பி முறுக்கி முடித்த பிறகுதான் பிரித்தேன்.

டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற என் மனைவிக்கு நீ வைத்த பெயர் நம் வீட்டில் அப்படியே நிலைத்துவிட்டது.

“அண்ணி என்ன எழுதியிருக்காங்க?”

“மலைச் சைக்கிள் ஓட்ட வரச் சொல்றா. மலை இல்லாத இடத்துல.”

“போலாம்” என்றாள். அவ்வளவுதான். என்னிடம் கருத்துக் கேட்கவில்லை.

உங்கள் பக்கத்தை நான் ஒரு முறை ரயிலில் கடந்திருக்கிறேன். ஜன்னலில் ஒரு மரம் தெரிந்தது. தூங்கி எழுந்து பார்த்தபோதும் அதே மரம்தான் நின்றது என்று சத்தியம் செய்வேன். அங்கே ஏற்ற இறக்கம் உண்டு என்று வேறு யாராவது எழுதியிருந்தால் கடிதத்தை மடித்து மேசைக்கால் ஆடாமல் இருக்க அடியில் வைத்திருப்பேன். நீ எழுதியதால் நம்புகிறேன். தரையைப் பற்றி நீ ஒன்று சொல்லித் தப்பாகிப் போனதை நான் பார்த்ததில்லை.

ஆனால் எனக்குத் தடத்தின் படம் வேண்டும். தடத்தைப் பார்க்காமல் வண்டி தயார் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. எந்த டயர் போடுவது, பின்சக்கரத்துக்கு எத்தனை பல், அதிர்வு தாங்கும் ஷாக்கில் எவ்வளவு காற்று, எல்லாவற்றையும் தடம்தான் சொல்ல வேண்டும். எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று வரைந்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு வருகிறோமா இல்லையா என்று சொல்கிறேன்.

அத்தானைப் பற்றி நீ எழுதிய பத்தியைப் பல முறை படித்தேன். எவ்வளவு என்று கேட்காதே என்றாய், கேட்கவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 3

தம்பிக்கு,

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. நீ படம் கேட்டாய். அலுவலகத்தில் இருக்கும் படம் எனக்குத் திருப்தியாக இல்லை. கரையில் போன வருடம் மண் கொட்டியிருக்கிறார்கள். அதனால் இருபது கிலோமீட்டரையும் நானே புதிதாக லெவல் எடுத்தேன். மூன்று வார இறுதிகள் போயின.

அளவுக்கம்பு பிடிக்க அலுவலகத்திலிருந்து ஒருவரைக் கூப்பிடப் போனேன். உன் அத்தான் விடவில்லை. “கம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கத்தானே வேணும்? நான் நிக்கிறேன்” என்றார். அது சாதாரண வேலை இல்லை என்று உனக்குத் தெரியாது. நான்கு மீட்டர்க் கம்பு. கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு பொய்யாகிவிடும். ஒவ்வொரு ஐம்பது மீட்டருக்கும் நடந்து போய், நட்டுவைத்தாற்போல் நிறுத்திப் பிடிக்க வேண்டும். அந்தக் காலை வைத்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் நடந்தார். மூன்று வாரத்தில் ஒரு தடவைகூடக் கம்பு சாயவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அவர் நேரத்தையும் குறித்துவைத்தார். யாரும் கேட்கவில்லை, அவருக்கு அது இல்லாமல் முடியாது.

என்னுடைய கருவி பழையது. அதில் உருவம் தலைகீழாகத் தெரியும். நாள் முழுக்க உன் அத்தானைத் தலைகீழாகத்தான் பார்த்தேன். அப்படிப் பார்க்கும்போது அவர் காலை நான் கவனிக்கவில்லை. கம்பையும், அதைப் பிடித்திருந்த அந்தப் பெரிய கைகளையும் மட்டும் பார்த்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவரை நிம்மதியாகப் பார்த்தேன் என்று சொல்லலாம்.

படத்தை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். பச்சைப் புள்ளிகள் கூடாரம் போடும் இடங்கள். முதல் நாள் மண்குழிகளுக்குப் பக்கத்தில், அங்கே புல் மெத்தென்று இருக்கும். இரண்டாம் நாள் மதகு வீட்டின் பின்னால். அங்கே தண்ணீர்க் குழாய் உண்டு, காற்றுக்கும் மறைவு. மாலை மூன்று மணிக்கு மேல் எதிர்க்காற்று அடிக்கும். அதற்கு முன்னால் கூடாரம் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கூடாரம் நம்மைக் கேட்காமல் கிளம்பிவிடும்.

மதகு வீட்டைத் தாண்டியதும் வருகிற மூன்றாவது இறக்கத்தைக் கவனித்துப் பார். இந்தப் பாதையிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். தண்ணீர் அங்கே குஷியாக ஓடும். உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். உன் அத்தானை என்றைக்காவது மறுபடி சைக்கிளில் ஏற்ற முடிந்தால், முதலில் அந்த இறக்கத்தில்தான் விட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அவரிடம் இதைச் சொல்லவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 10

அக்கா,

நாங்கள் வரவில்லை.

உன் படத்தைப் பட்டறைச் சுவரில், ஸ்பானர்கள் தொங்கும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எவ்வளவு சுத்தமான கோடு. ஓரிடத்தில்கூடக் கை நடுங்கவில்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் அக்கா வரைந்தது என்று சொன்னேன். இப்படி ஒரு நிலத்தைச் சமவெளி என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. மண்குழிகள் என்று நீ எழுதியபோது ஏதோ ஆள் உயரப் பள்ளம் என்று நினைத்திருந்தேன்.

அதற்கப்புறம் மூன்றாவது இறக்கத்தைப் பார்த்தேன்.

நான் இந்த மலையில் பன்னிரண்டு சைக்கிள் தடம் போட்டிருக்கிறேன். எதிலும் இப்படி ஓர் இறக்கம் இல்லை. நேராக வந்து தொப்பென்று விழுகிறது. நானே அதில் இறங்க மாட்டேன். வாலு இறங்க வேண்டுமாம், என் இரண்டு பையன்களும் இறங்க வேண்டுமாம், எல்லாவற்றுக்கும் மேலே அத்தானை முதலில் அங்கே விட வேண்டுமாம். உனக்கு என்ன ஆயிற்று? மருத்துவமனை நடையில் நின்று என்னைக் கேட்டவள் நீதானே? “உன் விளையாட்டுக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?” என்று கேட்டாய். அங்கே இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. நீ கேட்டது நியாயம் என்பதால்தான் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். தினமும் காலையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தடத்தின் மேலிருந்து கீழ்வரை கூட்டிக்கொண்டு வருவேன். சருகு, கல், ஈரம் எல்லாம் பார்ப்பேன். அன்று காலை கூட்டவில்லை. நீங்கள் எல்லோரும் வந்திருந்த சந்தோஷத்தில், சமையலறையில் அத்தானோடு முட்டை பொரித்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தேன். ராத்திரி தூறல் விழுந்திருந்தது. ஒரு வளைவில் மரவேர் ஈரமாக இருந்தது. நான் முன்னால் போனேன், அத்தான் பின்னால் வந்தார். “பிரேக் பிடிக்காதீங்க அத்தான், உடம்பை மட்டும் சாய்ங்க” என்று கத்தினேன். அவர் என்னை நம்பினார். விழுந்தார்.

அந்த வளைவைக் கல் அடுக்கி மூடிவிட்டேன். அதற்குப் பிறகு நான் இறக்கத்தில் சைக்கிள் ஓட்டவே இல்லை. ஏறும்போது ஓட்டுகிறேன், இறங்கும்போது தள்ளிக்கொண்டு வருகிறேன். மலைச் சைக்கிள் பட்டறைக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து எல்லோரும் கேட்கிறார்கள். சங்கிலி கழன்றுவிட்டது என்று சொல்கிறேன். இரண்டு வருடமாக என் சங்கிலி கழன்றே இருக்கிறது.

அத்தானை அந்த இறக்கத்தில் விடாதே. என் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியம் உனக்கு இல்லை, இருந்தாலும் கேள்.

தம்பி

*

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

இந்த முறை அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

முதலில் ஒரு விஷயம். படத்தின் இடது மூலையில், கீழே, பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கிறது. அதைப் படி. நெடுக்கே ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் அரைக் கிலோமீட்டர். உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் வெறும் இருபது சென்டிமீட்டர். புரிகிறதா? நெடுக்கை நசுக்கி, உயரத்தை இழுத்து வரைந்திருக்கிறேன். நீ பார்த்து நடுங்கிய மூன்றாவது இறக்கம் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் மூன்று மீட்டர் இறங்குகிறது. ஒரு பந்தை வைத்தால் அது உருளலாமா வேண்டாமா என்று யோசிக்கும். மொத்தப் பாதையிலும் உச்சிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் மூன்று மீட்டர் நாற்பது. உன் பட்டறைக் கூரை அதைவிட உயரம்.

கால்வாய்க்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் வரைவோம். உள்ளது உள்ளபடி வரைந்தால் இங்கே வெறும் நேர்கோடுதான் வரும், அதைப் பார்த்து யாரும் ஒரு மதகுகூடக் கட்ட முடியாது. தடம் போடுகிறவன் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என்னுடையது. ஆனாலும் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அலுவலகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

உன்னைப் பற்றி நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? எதற்கும் பயப்படாதவன், எல்லாம் உனக்கு விளையாட்டு, அவர் விழுந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே நீ மலையிலிருந்து சைக்கிளில் இறங்கியிருப்பாய். இப்படித்தான் நினைத்து நினைத்து இரண்டு வருடம் கோபத்தைக் காப்பாற்றினேன். ஒரு காகிதத்தில் வரைந்த இறக்கத்தைப் பார்த்து அவருக்காகப் பயந்துபோகிற ஒருவனை நான் கற்பனைகூடச் செய்யவில்லை. என் தம்பியாக இருந்தும் தெரியவில்லை.

உண்மையில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் உன் தடத்தில் நடந்து பார்த்தேன். மழைத் தண்ணீர் எங்கேயும் தேங்காதபடி ஒவ்வொரு வளைவையும் வெளிப்பக்கம் வழிய விட்டிருந்தாய். கருவி இல்லை, படம் இல்லை, வெறும் மண்வெட்டியும் கண்ணும். எங்கள் பிரிவில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அது பத்து வருடத்தில் வருவதில்லை. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், அக்கா என்கிற கெத்தில் சொல்லவில்லை. இவ்வளவு கவனமாக வேலை செய்கிற ஒருவனை நான் மருத்துவமனை நடையில் நிறுத்தி அப்படிக் கேட்டேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மன்னித்துக்கொள்.

இனி அவர் விஷயம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான் கொட்டகைக்குப் பின்னால் பழைய சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைத்து அதில் ஏறி உட்கார்ந்தார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இடது கால் பெடலின் அடிவரை எட்டவில்லை. இறங்கி, சீட்டைத் தாழ்த்திவிட்டு மறுபடி ஏறினார். இப்போது வலது முழங்கால் மடங்கி வலித்திருக்கும்போல, உடனே இறங்கிவிட்டார். சீட்டைக் கையால் துடைத்துவிட்டு உள்ளே வந்து டீ கேட்டார். நானும் டீ போட்டேன்.

உன் பேச்சை நம்பித்தான் விழுந்தார் என்று எழுதியிருக்கிறாய். அவர் ஒரு நாளும் உன்னைக் குறை சொன்னதில்லை. நான் திட்டும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

வருவாய்தானே?

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் டீச்சர் ஊரிலிருந்து வந்தாள். தேர்வுத்தாள் திருத்த இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தாள். நேராகப் பட்டறைக்கு வந்தாள், சுவரைப் பார்த்தாள், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இடது மூலைக்குக் குனிந்தாள்.

“இருபது கிலோமீட்டருக்கு மூணரை மீட்டரா? நம்ம வீட்டு மாடிப்படியே இதைவிட அதிகமாச்சே.”

நான் ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

“இதைப் பாத்தா வரலைன்னு எழுதிட்டீங்க?”

கணக்கு டீச்சரின் புருஷன் அளவைப் பார்க்காமல் பயந்துபோன கதை நேற்றோடு பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. காய்கறிக் கடைக்காரர் வரைக்கும் என்னிடம் அந்த மலை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். போடவிருந்த முரட்டு டயர்களையும் பெரிய பின்பல்களையும் கழற்றி வைத்துவிட்டேன். எதிர்க்காற்றுக்குத் தகுந்த மாதிரி வேறு பல் போடுகிறேன். மலைக்கு ஆசைப்பட்ட வாலுவிடம் சொல், காற்றும் ஒரு மலைதான், கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும்.

வளைவைப் பற்றி நீ எழுதியதை டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். நீ மற்றவர்களைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை, என்னைப் பாராட்டுவாய் என்று எதிர்பார்த்தும் இல்லை. போதும், இதற்கு மேல் எழுதினால் நன்றாக இருக்காது.

நேற்று அந்த வளைவுக்குப் போனேன். அடுக்கிய கல்லை எடுத்தேன். மேலிருந்து கீழ்வரை கூட்டினேன். அதன்பின் சைக்கிளில் ஏறி இறங்கினேன். முழுக்கப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன், ஆனாலும் இறங்கினேன்.

இப்போது வேலைக்கு வருகிறேன். அத்தானுக்குச் சீட்டைத் தாழ்த்தக் கூடாது. இடது பெடலை உயர்த்த வேண்டும். அவர் காலில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தடிமனுக்குப் பெடலில் கட்டை ஏற்றினால் இரண்டு காலும் ஒரே மாதிரி சுற்றும். அலுமினியக் கட்டை எடுத்து வைத்துவிட்டேன். அளவு மட்டும்தான் வேண்டும்.

கேட்காதே என்று எழுதியிருந்தாய். கேட்கிறேன். ‘கொஞ்சம்’ என்பது அளவு இல்லை, அக்கா. இருபது கிலோமீட்டரை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தவள் வீட்டுக்குள் இருக்கும் ஒரு காலை இரண்டு வருடமாக அளக்கவில்லையா? மில்லிமீட்டரில் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

அளக்கவில்லை. மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருப்பார்கள், அதையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. எண் தெரிந்துவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். வேலையில் நான் யாரிடமும் பொறுத்துக்கொள்ளாத முட்டாள்தனம்.

நேற்று மாலை உன் கடிதத்தை அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து போய்ச் சுவரோரமாக நின்றார். “அளந்துக்கோ” என்றார். “நீ கேக்கவே மாட்டியோன்னு நெனச்சேன்.”

ரசமட்டத்தை எடுத்து வந்து அவர் இடுப்பில் குறுக்கே வைத்துப் பிடித்தேன். குமிழி ஓடிப்போய் வலது கோடியில் ஒட்டிக்கொண்டது. இடது காலுக்கு அடியில் வைக்க மெல்லியதாக ஏதாவது வேண்டும் என்று தேடினேன். அவர் டிப்போவிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய நேர அட்டைகள் கட்டாகக் கிடந்தன. வாலு ஒவ்வொன்றாகக் காலடியில் செருகினாள், நான் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது அட்டைக்கு அசைந்தது. முப்பதுக்குப் பாதி வழி வந்தது. நாற்பத்தாறாவது அட்டையில் சரியாக நடுக்கோட்டுக்குள் வந்து நின்றது.

அவர் நேராக நின்றார். இரண்டு தோளும் ஒரே உயரத்தில். எத்தனை நாளாயிற்று அவரை அப்படிப் பார்த்து. வாலு கைதட்டினாள். எனக்குத்தான் ரசமட்டத்தை எடுக்க மனசு வரவில்லை.

அட்டைகளை அழுத்தி அளந்தேன். இருபத்துமூன்று மில்லிமீட்டர். மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதுதான்.

இன்னொன்றும் சொன்னார். அதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

“உன் தம்பி பிரேக் பிடிக்காதீங்கன்னு சொன்னான். எனக்குக் கேட்டுச்சு. ஆனா நான் பிடிச்சேன். வளைவைப் பாத்ததும் பயந்துட்டேன், ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சேன். அதான் சக்கரம் வழுக்குச்சு.”

இரண்டு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன். வளைவுல பயந்து பிரேக்கை அழுத்தினேன்னு எப்படிச் சொல்றது? டிப்போவுல என் பேரே நிதானம். நீ அவனைத் திட்டும்போதெல்லாம் சொல்லிடணும்னு நெனப்பேன். எந்திரிச்சு வெளிய போவேன், அங்கயும் சொல்ல ஆள் இருக்காது.”

நான் திட்டும்போது அவர் எழுந்து போவதை என் மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மூன்று பேரில் இதை முதலில் வாய்விட்டுச் சொல்ல அவருக்குத்தான் தைரியம் வந்தது. அவ்வளவு பெருமையையும் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். எனக்கு அவரை முன்பைவிடப் பிடித்திருக்கிறது. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு நேர அட்டைகளை எண்ணிக் கட்டினார்.

அக்கா

*

ஏப்ரல் 29

அன்புள்ள அக்கா,

கூடவே வரும் பார்சலில் பெடல் இருக்கிறது. இருபத்துமூன்று மில்லிமீட்டர். நானும் மூன்று தடவை அளந்தேன். கட்டையின் மேல் வழுக்காமல் இருக்க ரப்பர் ஒட்டியிருக்கிறேன்.

கடிதத்தைப் பட்டறையில் நின்றபடி படித்தேன். படித்து முடித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அத்தானிடம் சொல், ஈரமான வேரைக் கூட்டாமல் விட்டது நான்தான், அது மாறாது. ஆனால் அந்த வளைவில் முதல் தடவை வருகிற எல்லோரும் பிரேக்கைப் பிடிப்பார்கள். தடம் போட்டவன் நானே முதல் தடவை பிடித்தேன். நிதானத்துக்கு அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இத்தனையும் தெரிந்துகொண்டு அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மே ஆறாம் தேதி காலை ரயிலில் வருகிறோம். சைக்கிள்கள் அதே ரயிலின் சாமான் பெட்டியில் வரும். டீச்சர் மூன்று கூடாரத்துக்கும் முளைக்குச்சி எண்ணிக் கட்டிவிட்டாள், பையன்கள் இப்போதே தூங்குபைக்குள் நுழைந்து வீட்டுக்குள் குதித்துக்கொண்டு திரிகிறார்கள்.

முக்கியமான விஷயம்: இடது பெடல் மற்ற திருகுகளைப் போல் அல்ல, எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். தப்பாகத் திருப்பினால் புரி போய்விடும். அதனால் நான் வரும்வரை யாரும் தொட வேண்டாம். நானே வந்து மாட்டுகிறேன். முதல் தடவை அத்தான் ஏறும்போது நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்கிறேன். அந்த இறக்கத்தை நாங்கள் மெதுவாக, சேர்ந்து இறங்குகிறோம்.

தம்பி

*

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்குள் கிடைக்குமோ என்னவோ. கிடைக்காவிட்டால் திரும்பிப் போனதும் படித்துக்கொள். நேரில் சொன்னால் நான் அழுதாலும் அழுவேன், எழுதிவிடுகிறேன்.

பார்சல் நேற்று வந்தது. நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். தொட வேண்டாம் என்கிற வரியை இரண்டு தடவை படித்தேன். தலையை ஆட்டினார். இன்று காலை நான் குளித்துவிட்டு வந்தபோது பார்சல் பிரிந்து கிடந்தது. கொட்டகையில் சைக்கிள் இல்லை. சுவரில் சாக்பீஸால், எதிர்ப்பக்கம் சுற்றுகிற ஓர் அம்புக்குறி. அதற்குக் கீழே, “புறப்பாடு 7.10.”

வாலுவிடம் கேட்டேன். “அப்பா மதகு வீட்டுக்குப் போறேன்னு சொன்னாங்க. உங்கிட்ட சொன்னா நீயும் கூட வருவியாம். அதான் சொல்லலையாம்” என்றாள்.

முதலில் செருப்பை மாட்டினேன். ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். வாசல் வரை போனேன். அப்புறம் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, வந்து உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். இப்போது மணி எட்டரை. போய் ஒரு மணி இருபது நிமிடம் ஆகிறது. மதகு வீடு வரை ஏழு கிலோமீட்டர், வழியெல்லாம் எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும், ஓரிடத்திலும் கல் இல்லை. இருந்தும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை ஜன்னலைப் பார்க்கிறேன். இரண்டு வருடமாக அவர் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று தெரியாமல் நான் பத்து நிமிடம் இருந்ததில்லை. அது அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

தேடிப் போக மாட்டேன். இதை நீ மெச்ச வேண்டும்.

நிறுத்திவிட்டு எழுந்துபோனேன், மறுபடி எழுதுகிறேன். மணி ஒன்பது பத்து. அவர் வந்துவிட்டார்.

சட்டையெல்லாம் வியர்வை, முழங்கை வரைக்கும் புழுதி. விழவில்லை. காலைக் காற்று மறுதிசையில் அடிக்கும்; திரும்பி வரும்போது எதிர்க்காற்றாம், அதனால்தான் தாமதமாம். தண்ணீர் மட்டும் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தார். குடித்துவிட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிற அந்தப் படத்தின் நகலுக்குப் பக்கத்தில் போனார். நீ பயந்துபோன அந்தப் பதினைந்து சென்டிமீட்டர்ச் செங்குத்தில், மேலே விரலை வைத்தார். மெதுவாகக் கீழே வரை இழுத்துக்கொண்டு வந்தார்.

“தம்பிக்குத்தானே எழுதறே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“எழுது. மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு தடவைகூட பிரேக் பிடிக்கலைன்னு எழுது.”

அக்கா